கொலுப்படிக்கு அடியில் மூன்று பெட்டி

எங்கள் மேனேஜர் ரகுபதி சாருக்கு மூளை என்று ஒன்று இருந்தால், அதையும் பீரோவில்தான் பூட்டி வைத்திருக்க வேண்டும். எழுபத்து நாலில் அடையாற்றில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் அட்டை பஞ்ச் பண்ணிக்கொண்டிருந்தேன். நான் துளை போடுவது மூல அட்டை. கம்பைலர் என்கிற மொழிபெயர்ப்பு ப்ரோகிராம் அதை வாங்கி, மெஷினுக்குப் புரிகிற மாதிரி வேறு அட்டை துளைத்துத் தரும். அது ரெடி அட்டை. சாருக்கு ரெடி அட்டை என்றால் உயிர். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பீரோவில் பூட்டுவார். மூன்று பெட்டி மூல அட்டைகளை மட்டும், "மெஷின் இதைத் தொடறதே இல்லை, இடத்தை அடைச்சுண்டிருக்கு" என்று மயிலாப்பூர் வீட்டுக்கு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

நவராத்திரி மூன்றாம் நாள் புதுக் கம்பைலர் வந்தது. அட்டையின் அமைப்பே மாறிப்போனது. பழைய ரெடி அட்டையை மெஷின் துப்பிவிட்டு, 'பழைய பதிப்பு. மூலத்திலிருந்து மறுபடி செய்யவும்' என்று அச்சடித்தும் கொடுத்தது. அந்த அட்டைகளை வைத்துத்தான் சனிக்கிழமைக்குள் பரீட்சை முடிவுகள் வெளிவர வேண்டும்.

சார் அட்டைகளை விசிறிப் பார்த்தார். போன வருஷக் குங்குமத்தைத் துடைத்தும் பார்த்தார். பிறகு என் கையில் ஒரு மெமோவைத் திணித்தார்: பாஞ்சாலி, அதாவது நான், தப்பாகப் பஞ்ச் பண்ணிவிட்டாள், சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராயப்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்பு என் வேலையை நம்பித்தான் எரிகிறது.

"நான் இன்னா சார் பண்ணேன்? மெஷினே மூல அட்டை கேக்குது. அது எங்க கீது?"

சார் திருதிருவென்று முழித்தார். "ஆத்துல... கொலுப்படிக்கு முட்டுக் கொடுத்திருக்கா."

ஆபீஸ் பெண்கள் எல்லாரையும் கொலுவுக்கு அழைத்தவர் என்னை மட்டும் அழைக்கவில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது டாக்சி வைத்துக் கூட்டிப்போனார். பழைய ரெடி அட்டைப் பெட்டிகளையும் ஏற்றச் சொன்னேன்.

அவர் மனைவி பங்கஜம் மாமி கூடத்தில் மறித்தாள். "விஜயதசமிக்கு முன்னாடி ஒண்ணையும் அசைக்கப்படாது!"

"பொம்மைய யாரு மாமி தொடப்போறாங்க? சார், பலகையத் தூக்கிப் புடிங்க."

செட்டியார் பொம்மைக்குக் கீழே சார் மண்டியிட்டுத் தோள் கொடுத்தார். நான் மூலப் பெட்டியை உருவிய இடத்தில் ரெடிப் பெட்டியைச் செருகினேன். மூன்றும் முடிந்தது. மூல அட்டைகளின் விளிம்பில் வரிசை தெரிய நான் சாய்வாக இழுத்திருந்த பென்சில் கோடு உடையவில்லை, வரிசை கலையவில்லை. படிதான் லேசாக ஆடியது. பையிலிருந்த மெமோவை எட்டாக மடித்து அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது.

வெள்ளிக்கிழமையே முடிவுகள் அச்சாகிவிட்டன. மேலிடத்துக்குத் தெரியாமல் கிழித்துப்போட, சார் மெமோவைத் திருப்பிக் கேட்டார்.

"விஜயதசமிக்கு முன்னாடி அசைக்கப்படாது சார்" என்றேன்.