தூளிக்கு ஓர் உத்தரம்

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் என் மகள் மரீஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைத்துத் தூளியில் போட வேண்டும். தூளியை எந்த உத்தரத்தில் கட்டுவது என்பதில்தான் எனக்கு மண்டை காய்ந்தது.

முல்லா வீதியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் முன்னறைக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று என இரண்டு தேக்கு உத்தரங்கள். இரண்டின் நடுவிலும் தூளி மாட்ட இரும்பு வளையம் உண்டு. மரீஹாவைப் பின்னறையில்தான் ஆட்டினேன். அந்த உத்தரம் இப்போது தொய்ந்து, விரல் நுழைகிற அளவுக்கு நீளமாக வெடித்திருக்கிறது. அப்போதே இப்படித்தான் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மேலே எங்கே பார்த்தேன்?

பலராமன் ஆசாரியைக் கூப்பிட்டேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தேக்கும்மா. வெடிக்கும், வளையும், வுழாது. இன்னும் நூறு வருசம் நிக்கும்."

மறுநாள் என் கொழுந்தனார் மகன் நுஃமான் வந்தான். என்ஜினியர். அவனும் கீழே நின்று அண்ணாந்துதான் பார்த்தான்.

"பெரியம்மா, இதுலயா தூளி கட்டப் போறீங்க? இது எப்ப வேணா எறங்கும். மொதல்ல இந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க."

அவர் நூறு வருசம் என்கிறார், இவன் எப்ப வேணா என்கிறான். நான் யாரை நம்புவது? துடைப்பக் கட்டையை எடுத்து நானே தட்டிப் பார்த்தேன். பின்னறையில் டொக்கென்றது, முன்னறையில் டொப்பென்றது. இதில் எது நல்ல சத்தம்? என் கணவர் அன்வருதீனிடம் கேட்டேன். மனுஷர் சிரிக்கிறார்.

முன்னறை உத்தரம் நல்லது என்பதில் மட்டும் ஆசாரிக்கும் என்ஜினியருக்கும் தகராறே இல்லை. அது அப்படி மின்னும். நோன்பு வருவதற்கு முன்னால் வருஷா வருஷம் என் கணவர் ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே அதற்கு சாக்லேட் கலர் பெயின்ட் அடிப்பார். மழையில் சுவரோரம் கறை தெரிந்தால் அதற்கு மேலேயே இன்னொரு கோட்டிங். பின்னறைக்கு ஒரு சொட்டு கிடையாது. கேட்டால், "நோம்புக்கு வர்றவங்க அங்கயா வந்து ஒக்காரப் போறாங்க?" என்பார்.

"பாரு ஷரீபா, கண்ணாடி மாதிரி இருக்கு. இதுலயே கட்டிடலாம்" என்றார்.

கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். என் பழைய நூல் புடவையை வளையத்தில் கோர்த்துக் கட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த டொப் என் காதை விட்டுப் போகவில்லை.

"ஏங்க, அரிசி மூட்டைய வெச்சு ஒரு தடவ ஆட்டிப் பாத்துடலாமா?"

"அரிசி மூட்டைக்கா பேரு வெக்கப் போறோம்?"

"வெச்சுதான் பாருங்களேன். கொறைஞ்சா போயிடுவீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. "போதுமா?" என்று கேட்டு, என்னைக் கேலி செய்ய ஆராரோ பாடிக்கொண்டே தூளியைத் தள்ளினார்.

பாட்டு முடியவில்லை. வளையம் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தது. அறை முழுக்க அரிசி. உத்தரத்தில் பெயின்ட் மட்டும் தோல் போலத் தொங்கியது. என் கணவர் ஏணியில் ஏறி, சுவரோரம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது காப்பித்தூள் மாதிரி ஈரத்தூள் ஒட்டியிருந்தது. அவர் இறங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆசாரியும் நுஃமானும் ஓடி வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். "செவுத்துல மழத்தண்ணி எறங்கியிருக்கும்மா. பெயின்ட் அத காய வுடல. உள்ளயே நடு வரைக்கும் உளுத்துப்போச்சு" என்றார் ஆசாரி. முன்னறையைப் பூட்டினோம்.

பிறகு இருவரும் பின்னறையில் ஏணி போட்டு ஏறி, உளியால் குத்திப் பார்த்தார்கள். உளி இறங்கவில்லை. அரிசி மூட்டையையும் நாள் பூராவும் தொங்கவிட்டோம். தூசிகூட உதிரவில்லை.

"இது நல்லாருக்கு பெரியம்மா, தைரியமா கட்டுங்க" என்றான் நுஃமான். ஆசாரியும் தலையாட்டினார்.

 முன்னறை உத்தரத்துக்கும் இந்த இரண்டு பேரும் இப்படித்தானே தலையாட்டினார்கள்?

ஏழாம் நாள் விருந்தாளிகள் எல்லாரும் பின்னறையில், அந்த வெடித்த உத்தரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்தார்கள். பெயர் வைத்து, குழந்தையைத் தூளியில் போட்டோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தூளிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டேன்.

"கைய எடும்மா, ஆட்ட முடியல" என்றாள் மரீஹா.

"ஆட்டாத. அப்படியே தூங்கட்டும்" என்றேன்.

விருந்தாளிகள் சாப்பிட எழுந்து போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் கையை எடுக்கவில்லை.