பூதத்தான் வேதத்தில் சேர்ந்தது

பூதத்தானைக் கிறிஸ்தவனாக்கத் தாராவியில் பதினோரு வருஷம் முயற்சி நடந்தது. முயன்றவர்கள் மூன்று பேர்: அவன் மனைவி இருதயமேரி, உபதேசியார் மரியசூசை, கோவாக்காரரான பங்குச் சாமியார். இதில் விசேஷம் என்னவென்றால், மூன்று பேரில் ஒருவர்கூட அவனிடம் சேசுநாதரை நம்பு என்று சொல்லவில்லை. தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும் என்றார்கள்.

இருதயமேரிக்கு அதில் ஒரு அவசரம் இருந்தது. அவள் திருநெல்வேலிப் பக்கத்து ஆர்.சி. குடும்பத்துப் பெண். பம்பாய்க்கு வந்த இடத்தில் பூதத்தானைப் பிடித்துப்போய், சயானில் ஒரு பிள்ளையார் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். அது கல்யாணமே இல்லை என்றார் சாமியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் சாமியார் கையால் நன்மை என்கிற அப்பத்தை வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித்தான் போவார்கள். சிலர் வேண்டுமென்றே மெதுவாகத் தாண்டுவார்கள். புருஷன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் கல்யாணத்தையும் மந்திரித்துக்கொடுக்கலாம், அவளும் எழுந்து போகலாம்.

பூதத்தான் மசியவில்லை. அவனுடையது சுடலைமாடனுக்கு நேர்ந்த குடும்பம். "எங்க ஆளு கையில ஈட்டியாட்டம் வல்லயம் இருக்கு. உங்க ஆளு கையில என்ன இருக்கு? ஆணி" என்பான். இருதயமேரி உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள், அவனுக்கும் சேர்த்து.

அறுபத்து மூன்றாம் வருஷ மழையில் அவன் கால் வெந்தது. பூதத்தானுக்கு ஒரு தோல் ஷாப்பில் வேலை. காய்ந்த தோலைத் தரம் பிரித்து அடுக்குகிற சுத்தமான வேலை. அன்று சுண்ணாம்புக் குழியைக் குறுக்குப் பலகை மேல் நடந்து கடந்தபோது பலகை வழுக்கி, இடது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. முடி கழல்வதற்காக மாட்டுத்தோலை ஊறவைக்கிற சுண்ணாம்பு, மனிதத் தோலையும் அப்படியே நடத்தும். மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர்.

பூதத்தானுக்கு எதையாவது படிக்காமல் இருக்க முடியாது. ஷாப்பில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் பேப்பரை உரக்க வாசித்துக்காட்டுகிறவன் அவன்தான். மழையில் ரயில் நின்றுபோனதால் பேப்பர் வரவில்லை. காலண்டரைப் படித்தான். களிம்பு டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தான். நான்காம் நாள், ஸ்டவ்வின் ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்திருந்த சின்னப் புத்தகத்தை உருவித் தரச் சொன்னான். தாதர் ஸ்டேஷனில் யாரோ பிராட்டஸ்டண்ட் பிரசங்கியார் இருதயமேரியின் கையில் திணித்த சுவிசேஷம் அது. முதல் சில பக்கங்கள் மண்ணெண்ணெயில் ஒட்டிப்போயிருந்தன. பிரிகிற இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

பேப்பர் வாசிப்பது போலவே உரக்க வாசித்தான், நடுநடுவே அபிப்பிராயத்தோடு. படுக்கையில் கிடந்த திமிர்வாதக்காரனை வீட்டுக்கூரையைப் பிரித்துக் கயிற்றில் உள்ளே இறக்கிய இடம் வந்தது. பூதத்தான் தன் வீட்டுத் தகரக் கூரையில் ஒழுகுகிற இடத்தை நிமிர்ந்து பார்த்தான். நோயாளி எழுந்து நடந்ததை எழுதியவர், வீட்டுக்காரன் என்ன ஆனான் என்று எழுதவில்லையே என்று கேட்டான். பிசாசு புகுந்த பன்றிகள் தண்ணீரில் விழுந்து செத்தபோது பன்றி மேய்த்தவன் கட்சியில் சேர்ந்துகொண்டான். இருதயமேரி சிலுவை போட்டபடியே சிரித்தாள். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள், இதையெல்லாம் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். ஆர்.சி. வீடுகளில் ஜெபமாலை சொல்வார்களே தவிர அந்தக் காலத்தில் சுவிசேஷத்தை யாரும் கையால் தொடுவதில்லை.

இரண்டாவது வாரம் பூதத்தானுக்குச் சேசுநாதர் என்கிற அந்த ஆளைப் பிடிக்க ஆரம்பித்தது. கூப்பிட்ட வீட்டிலெல்லாம் சாப்பிடுகிறார். சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரப் பெரிய மனுஷனைப் பிடிபிடியென்று பிடிக்கிறார். மடக்கிக் கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டு வாயை அடைக்கிறார். இவர் மட்டும் நம் ஷாப்பில் இருந்திருந்தால் எப்போதோ யூனியன் வந்திருக்கும் என்றான்.

ஒரு மத்தியானம் வாசிப்பு பாதியில் நின்றது. சேசுநாதரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கூட்டாளி பேதுரு தூரத்திலேயே பின்னால் போய், முற்றத்தில் நெருப்புக் காய்கிறான். நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று மூன்று பேர் கேட்க, மூன்று தடவையும் அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்கிறான். சேவல் கூவுகிறது. அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி பேதுருவைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அடுப்படியிலிருந்து இருதயமேரி, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டாள். ஸ்டவ் புகை என்றான் பூதத்தான். ஸ்டவ் அணைந்திருந்தது.

பஞ்சு என்று ஒருவன் இருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே ஷாப்பில் வேலை பார்த்தவன். கல்யாணத்துக்கு முன்னால் அவனும் பூதத்தானும் ஒரே அறையில் ஒரே பாயில் இரண்டு வருஷம் படுத்தவர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று முதலாளிக்குப் பேர் போடாத ஒரு மனு போயிற்று. வாசகம் முழுக்க பூதத்தானுடையது. எழுத்து பஞ்சுவுடையது, அவனுக்கு அச்சுப் போன்ற கையெழுத்து. மானேஜர் கணேசபாண்டியன் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து பஞ்சுவைப் பிடித்தார். பூதத்தானையும் கூப்பிட்டுக் கேட்டார். பஞ்சுவோடு தனக்குப் பழக்கமே இல்லை என்றான் பூதத்தான். முதலாளி முன்னாலும் அதையே சொன்னான். பஞ்சுவை வேலையைவிட்டு நீக்கினார்கள். அடுத்த மாதம் பூதத்தானைச் சுண்ணாம்புக் குழி இருக்கிற ஈரப்பக்கத்திலிருந்து காய்ந்த பக்கத்துக்கு மாற்றினார்கள்.

பேதுரு மூன்று தடவை சொன்னான், நாம் இரண்டு தடவைதான் சொன்னோம் என்று கட்டிலில் கிடந்தபடி அவன் கொஞ்சம் ஆறுதல் தேடினான். அப்புறம் மூன்றாவதும் ஞாபகம் வந்தது. அது போன வருஷம் நடந்தது. மாதுங்கா ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்தில் பஞ்சு நின்றான். பூதத்தான் சட்டென்று திரும்பி ஒரு சினிமா போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தான். மராத்திப் போஸ்டர். ரயில் வருகிறவரைக்கும் முதுகில் பஞ்சு பார்ப்பது தெரிந்துகொண்டே இருந்தது.

கால் தரையில் ஊன்ற முடிந்ததும் அவன் நொண்டிக்கொண்டு போன முதல் இடம் உபதேசியார் மரியசூசையின் வீடு. வேதத்தில் சேருகிறேன் என்றான். மரியசூசைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அதை வைத்துவிட்டு பூதத்தான், பேதுரு கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டான். நாம் அவரை ராயப்பர் என்றுதான் சொல்வோம், அவர்தான் முதல் பாப்பரசர் ஆனார் என்றார் மரியசூசை. வேதத்தில் சேர்ந்தவர்களுக்குப் போலவே இவனுக்கும் பேரை மாற்றிவிட்டார்களா என்று பூதத்தான் ஆச்சரியப்பட்டான். பிறகு பஞ்சுவின் கதையை அவரிடம் சொன்னான்.

"தெரியாதுன்னு சொன்னவனுக்குப் பெரிய வேலை. எனக்கும் அதாம் நடந்துச்சு. ஆனா அவருக்கு வேலை குடுத்தது, யாரைத் தெரியாதுன்னாரோ அந்த ஆளேதான். எனக்குக் குடுத்தது கணேசபாண்டியன்."

மரியசூசைக்கு விஷயம் புரிந்ததும் அவனைத் தேற்றினார். ஞானஸ்நானத்தில் அதுவரை செய்த பாவமெல்லாம் கழுவப்பட்டுவிடும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம்கூட வேண்டியதில்லை என்றார். பூதத்தானுக்கு இது பிடிக்கவில்லை. பஞ்சுவுக்குத் தெரியாமல் எப்படிக் கழுவுவார்கள் என்று கேட்டான்.

பஞ்சுவைத் தேடிப் போகப்போவதாகவும், முதலாளியிடமும் உண்மையைச் சொல்லப்போவதாகவும் வீட்டில் சொன்னபோது இருதயமேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் உங்களை வேதத்துல சேரத்தானே சொன்னேன். அவரு சொன்னதையெல்லாம் செய்யவா சொன்னேன்?"

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு தூக்கில் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். பஞ்சுவுக்கு என்று சொல்லவில்லை. தூக்கு பெரிதாக இருந்தது.

பஞ்சு இப்போது செம்பூரில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாண்டரிக் கடை வாசலில், ஏணிமேல் நின்று இந்தி எழுத்துக்குச் சிவப்பு நிழல் போட்டுக்கொண்டிருந்தான். பூதத்தான் கீழே நின்று தன் பேரைச் சொன்னான்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றான் பஞ்சு, பலகையிலிருந்து தூரிகையை எடுக்காமல்.

பூதத்தான் போகவில்லை. தூக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். மனு, கணேசபாண்டியன், மராத்திப் போஸ்டர், வெந்த கால், சேவல். லாண்டரிக்காரர் இஸ்திரியை நிறுத்திவிட்டு வெளியே வந்து கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கேட்டார். சேசுநாதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இப்போது உன்னிடம் கேட்க வந்தேன் என்று பூதத்தான் முடித்தபோதுதான் பஞ்சு ஏணியிலிருந்து இறங்கினான்.

"அவருகிட்ட எதுக்குலே மன்னிப்புக் கேட்டே? அவரையா ஷாப்பை விட்டுத் துரத்தினாங்க?"

இந்தக் கேள்வி ஞானோபதேசத்தில் இல்லை. பஞ்சு டர்பண்டைன் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். முதலாளி முன்னால் பொய் சொன்னவன் முதலாளி முன்னால்தான் மாற்றிச் சொல்ல வேண்டும், இங்கே வந்து ஏணிக்கடியில் அழுது பிரயோசனமில்லை என்றான். மீன்குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

முதலாளி ரஹ்மத்துல்லா மேலப்பாளையத்துக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். மறுநாள் காலை பூதத்தான் அவர் மேஜை முன்னால் நின்று, அந்த மனுவின் ஒவ்வொரு வார்த்தையும் தன்னுடையது, பஞ்சு எழுதிக் கொடுத்தவன் மட்டுமே என்றான். கதவுக்கு வெளியே பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஒன்பது வருஷம் கழித்து இதைச் சொல்ல உன்னை யார் தூண்டிவிட்டது, கம்யூனிஸ்டா என்று கேட்டார் முதலாளி. பூதத்தான் யோசித்து, சேசுநாதரை அவருக்குத் தெரிந்த பேரிலேயே சொன்னான்.

"ஈசா நபி."

ரஹ்மத்துல்லா தொப்பியைக் கழற்றித் திரும்ப வைத்துக்கொண்டார். அந்தப் பேருக்கு மரியாதை செய்யாமல் அவரால் இருக்க முடியாது, அந்தப் பேரைச் சொல்லி நிற்கிற ஆளையோ உதைக்கலாம் போலிருந்தது. கணேசபாண்டியன், உடனே கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்றார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் மானேஜர் பேச்சை நிறுத்தினார். பூதத்தானை மறுபடி சுண்ணாம்புக் குழிக்குப் போட்டார்கள். பஞ்சுவைத் திரும்ப எடுக்கவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். ஆனால் அடுத்த வாரம் ஷாப்புக்கு ஆறு ஜோடி ரப்பர் பூட்ஸ் வந்தது. ஆறும் ஒரே அளவு. கணேசபாண்டியன் காலுக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது, அவர் குழியில் இறங்குகிறவர் இல்லை. மற்றவர்கள் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ஞானஸ்நானம். ராயப்பன் என்று பேர் வைக்கச் சொன்னான். தன் குடும்பத்தில் ஏற்கெனவே மூன்று ராயப்பன்கள் இருக்கிறார்கள், மூன்றும் குடிகாரர்கள் என்று இருதயமேரி தடுத்துப் பார்த்தாள். சாமியார் லத்தீனில் ஆரம்பித்தார். கடைசிப் பெஞ்சில், பெயிண்ட் கறை படிந்த சட்டையோடு பஞ்சு வந்து உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, இருதயமேரியாக இருக்கலாம். சாமியார் உப்பை எடுத்து பூதத்தானின் நாக்கில் வைத்தபோது, அந்த மந்திரம் என்ன பாஷை என்று பஞ்சு பக்கத்திலிருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தான். அவருக்கும் தெரியவில்லை.

கல்யாணமும் அன்றைக்கே. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம், இவரைப் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று சாமியார் உடைந்த தமிழில் கேட்டார். இருதயமேரி உடனே சொல்லவில்லை. பூதத்தானுக்கு வியர்த்தது. பிறகு, சரி என்றாள். நன்மை வாங்கப் போகும்போது அவள் புருஷனுக்காகக்கூட நிற்காமல் முன்னால் நடந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனான்.

சாப்பாட்டில் பஞ்சு இரண்டாம் தடவை கறி கேட்டு வாங்கினான். பூதத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், இப்போதாவது சரிதானா என்று கேட்டான்.

"கறி நல்லாருக்கு. மத்ததைப் பாக்கலாம்" என்றான் பஞ்சு.

அதற்குமேல் அவன் எப்போதும் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை வருவான், சாப்பிடுவான், சாமியைப் பற்றி ஏதாவது குதர்க்கமாகக் கேட்பான், போவான். பூதத்தான் இரண்டு வருஷம் குழியில் கிடந்தான். மரியசூசை அவனுக்கு ஜெபங்களை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார், ஆனால் குழியில் நிற்கும்போது அவை எதுவும் வாயில் வராது. ஊறிய தோலைக் குறட்டால் இழுத்தபடி, "ஏன்யா, உம்ம பேச்சைக் கேட்டு இங்க வந்து நிக்கேன். நீரு எங்கன இருக்கீரு?" என்று உரக்கவே சண்டை போடுவான். பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது. சில நாள் சண்டை நெடுநேரம் போகும். சில நாள் நடுவில் நிறுத்தி, பதிலுக்கு ஏதோ கேட்டவன் போலச் சிரித்துக்கொள்வான். இதை ஜெபம் என்று சொல்லலாமா என்பதில் மரியசூசைக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. பூதத்தானுக்கு இல்லை.