மூன்றாவது தட்டு

நின்றால் கால் தேயும். அந்த ஆறு மாடி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் மாதத்துக்குக் கால் அங்குலம் போகும். வலி கிடையாது. பென்சில் தேய்வது போலத்தான்.

ஆண்கள் தேய்வதில்லை. அவர்கள் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் பின்வாசலில் ஞானதுரை அண்ணாச்சி இஞ்சு டேப்போடு நிற்பார். அவர்தான் பட்டுப் பிரிவின் சூப்பர்வைசர். டேப்பின் ஒரு முனையைச் செருப்பால் மிதித்துக்கொண்டு மறுமுனையை உச்சந்தலை வரை இழுப்பார். நாலடி ஆறு அங்குலத்துக்குக் கீழே போனால் மூன்றாவது தட்டு எட்டாது. எட்டாதவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்குப் பதிலாக அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி வர வேண்டும். சேரும்போதே எழுதி வாங்கிய நிபந்தனை அது.

முத்துப்பேச்சி அப்படித்தான் வந்தாள். அவளுக்கு முன்னால் அவள் அம்மா பதினேழு வருடம் அங்கே நின்றாள். அந்தக் காலத்தில் டேப் இல்லை. கேட்பார் இல்லாமல் நின்றாள். அம்மா இப்போது ஒரு சாண் இருக்கிறாள். ஊரில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தங்கை வடிவு பள்ளிக்கூடம் போகும் முன் அம்மாவைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். காற்று வரும்.

வடிவு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பேச்சிக்கு அடுத்து அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி டேப்பை இரண்டு தடவை பார்த்தார்.

"நாலடி ஆறரை."

"நேத்தும் அதான் அண்ணாச்சி."

"நேத்து ஆறரையும் ஒரு நூலும். தங்கச்சிக்கு லெட்டர் போட்டுரு பிள்ள."

"அவ பரீட்சை எழுதணும்."

"எழுதட்டும். நின்னுக்கிட்டே எழுதிப் பழகச் சொல்லு."

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தேய்மானம் நின்றுவிடும். இதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையில் உட்காரும் வழக்கம் இல்லை.

அந்த வாரம் ஒரு வீடியோ பரவியது. மூன்றாவது தட்டுக்கு எட்ட முடியாமல் ஒரு பெண் சேலைக் கட்டைப் பிடித்துத் தொங்கினாள். வாடிக்கையாளர் அவளையும் சேர்த்து விலை கேட்டார். எந்தக் கடை என்று தெரியவில்லை. எல்லாக் கடையும் அப்படித்தான் இருந்தது.

பட்டுப் பிரிவின் சுவரில் இருந்த டிவியில் விவாதம் ஓடியது. பெண்கள் உட்காரலாமா என்பது தலைப்பு. நான்கு ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள். உட்காருவது நம் பண்பாடு இல்லை என்றார் ஒருவர். பண்பாடுதான், ஆனால் வேலை நேரத்தில் இல்லை என்றார் அடுத்தவர். பெண்கள் உட்கார்ந்தால் ஆண்கள் எங்கே உட்காருவது என்று மூன்றாமவர் கேட்டார். நான்காமவர் தமக்கு நேரம் தரவில்லை என்பதைப் பற்றியே பேசினார். ஒரு பெண்ணையும் அழைத்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை என்பதால் அவள் பின்னால் நின்றாள். விவாதம் தொடங்கியபோது அவள் தோள் வரை தெரிந்தது. முடியும்போது நெற்றி மட்டும் தெரிந்தது.

மறுநாள் கடைக்கு ஒரு நாற்காலி வந்தது.

அதற்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, ரிப்பன் வெட்டினார்கள். பட்டுப் பிரிவில் இரண்டு தூண்களுக்கு நடுவில் வைத்தார்கள். பாலித்தீன் உறையைப் பிரிக்கவில்லை. உட்கார விரும்புவோர் ஐந்தாம் மாடியில் நற்பெயர்ப் பிரிவில் மனுக் கொடுக்கலாம் என்று ஓர் அட்டை தொங்கியது.

பேச்சி மனு எழுதினாள். மூன்று தடவை அடித்து எழுதினாள். 'உட்கார' என்று எழுதுவதா, 'அமர' என்று எழுதுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் எழுதினாள்.

ஐந்தாம் மாடிக்குப் போக அன்றைக்கு ஒன்பது மாடி ஏற வேண்டியிருந்தது. நற்பெயர் அலுவலர் கிரிதரன் மனுவைப் படித்தார்.

"இதுக்கு முன்னாடி உக்காந்த அனுபவம் இருக்கா?"

"பஸ்ல உக்காந்திருக்கேன் சார்."

"எந்த சீட்டு?"

"லேடீஸ் சீட்டு."

"அது ஒதுக்கீடும்மா. சொந்தத் திறமைல எங்கயாவது உக்காந்திருக்கீங்களா?"

பேச்சி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நிஜமாகவே தனக்குத் தகுதி இல்லையோ என்று நினைத்தாள்.

"இல்ல சார்."

கிரிதரன் அவளைச் சாய்வாகப் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார்.

"உங்க முகத்துல பாவம் இல்ல. அது ரொம்ப முக்கியம். பாவமா இருந்தா எங்க மேல தப்பு மாதிரி தெரியும். நாளைக்குப் போட்டோ எடுக்கிறோம். நீங்கதான் உக்காரப் போறீங்க. எல்லார் சார்பாவும்."

"எவ்வளவு நேரம் சார்?"

"போட்டோ நல்லா வர்ற வரைக்கும்."

ஒரு மணி நேரமாவது ஆகும் என்று பேச்சி கணக்கிட்டாள். இறங்கும்போது மூன்று மாடிதான் இருந்தது.

படத்தில் பன்முகத்தன்மை வேண்டும் என்று ரோஷிணியையும் கூப்பிட்டிருந்தார்கள். திருநங்கைக்கு வேலை கொடுத்த கடை என்று முதலில் செய்தி வந்தது. அதன் பிறகுதான் ஆள் தேடி அவளைப் பிடித்தார்கள். கேமரா வரும் நாளில் வாசலில் நின்று கும்பிடுவாள். வராத நாளில் கோடவுனில் இருப்பாள். அவள் உயரத்தை யாரும் அளப்பதில்லை. எந்த வரிசையில் நிறுத்தி அளப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

நாற்காலி ஒன்றுதான். ரோஷிணி பின்னால் நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிங்க," என்றார் படம் எடுப்பவர். "உக்காருங்க. இல்ல, அப்படி இல்ல. சீட்டைத் தொடக் கூடாது. தொட்டா சேலை கசங்கும். ஓர் அங்குலம் மேல இருங்க."

பேச்சி முட்டியை மடக்கி, நாற்காலிக்கு ஓர் அங்குலம் மேலே நின்றாள். உட்கார்ந்த மாதிரியே இருந்தது. விளக்கை மாற்றினார்கள். மாலையை மாற்றினார்கள். கிரிதரன் வந்து, சிரிப்பில் நன்றி கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கீழே தேய்கிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"யக்கா," என்றாள் ரோஷிணி உதட்டை அசைக்காமல். "சும்மா உக்காந்துரு. முந்தானைய இப்படி விரிச்சுப் போடுறேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"கசங்கும்."

"கசங்கட்டும். துணிதானே அது. நீ இன்னா துணியா?"

பேச்சி ஒவ்வொன்றாக யோசித்தாள். உட்கார்ந்தால் சேலை கசங்கும். கசங்கினால் படம் கெடும். கெட்டால் இன்றைக்கே அனுப்புவார்கள். வடிவு நாளைக்கு வருவாள். உட்காராவிட்டால் தேயலாம். ஆனால் படத்தில் இருப்பவளை உடனே அனுப்ப மாட்டார்கள். வடிவு பரீட்சை எழுதிவிடுவாள். யோசித்த வரையில் சரியாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

அவள் உட்காரவில்லை. நான்கு மணி நேரம் கழித்துப் படம் நன்றாக வந்தது.

மறுநாள் காலை நாலடி ஐந்து அங்குலம் இருந்தாள். டேப்புக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி எண்ணைச் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள போ."

"அண்ணாச்சி, ஓர் அங்குலம் குறையுதே."

"எப்படிக் குறையும்? படத்துல உக்காந்திருக்கிறியே பிள்ள. உக்காந்தவ எங்கயாவது தேய்வாளா? இனிமே அளக்கக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. உக்கார்ற கடையில டேப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

கடை முகப்பில் நான்கு மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பேச்சி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'எங்கள் மகளிர் அமர்ந்திருக்கிறார்கள்' என்று கீழே எழுதியிருந்தது. ரோஷிணியை வெட்டி எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு வரலாம் என்று யாரோ சொன்னார்களாம். நாற்காலி முதுகில் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

அன்றிலிருந்து கடையிலும் அவளுடைய விரல்கள் மட்டுமே தெரிந்தன. மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். "கும்பிட ரெண்டு கை வேணும்ல, அதான் கோடவுன்லயே போட்டுட்டானுங்க," என்றாள்.

நாற்காலியை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அது களைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

பேச்சி ஊருக்குப் போன் செய்தாள். இனி யாரையும் அனுப்ப மாட்டார்கள், நீ வர வேண்டியதில்லை, நன்றாகப் படி என்றாள்.

"போட்டோ பாத்தோம்க்கா," என்றாள் வடிவு. "ஊரே பாத்துச்சு. பேப்பர்ல முழுப் பக்கம்."

"நான் உக்காரல வடிவு."

"சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியேக்கா."

"ஓர் அங்குலம் மேல இருந்தேன்."

"சும்மா சொல்லாத. அம்மாகிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா."

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் எதற்கு என்று தையில் அதை எடுத்தார்கள். மாசியில் வார விடுமுறையை எடுத்தார்கள். தேய்மானம் வாரத்துக்கு மூன்று அங்குலம் ஆயிற்று. பேச்சி முதலில் மூன்றாவது தட்டை விட்டாள். பிறகு இரண்டாவது, பிறகு முதலாவது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும். அவளைச் சேலையிலிருந்து பாவாடைக்கும் பாவாடையிலிருந்து கைக்குட்டைக்கும் மாற்றினார்கள்.

கைக்குட்டைகள் கண்ணாடிக் கவுண்டருக்குள் இருந்தன. சித்திரைக் கடைசியில் அவள் அதற்குள்ளேயே நிற்க முடிந்தது. குனிய வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேல் நான்கு விரல் இடம் இருந்தது. வாடிக்கையாளர் நிறத்தைச் சொன்னால் இழுத்துக்கொண்டு வந்து கொடுப்பாள். ரோஷிணியின் விரல்கள் ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும்.

"உள்ளதான் யாரும் பாக்கலையே, உக்காரேன்," என்றாள் ரோஷிணி ஒருநாள்.

"கண்ணாடி."

"ஆமால்ல," என்றாள் ரோஷிணி.

வடிவு பரீட்சை எழுதிவிட்டாள். கணிதத்தில் தொண்ணூற்றொன்று. இதைப் பேச்சி ஒரு கைக்குட்டையின் மடிப்பில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். தன் யோசனை சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பாள்.

வைகாசியில் ஒரு காலை, கடை திறந்ததும் அண்ணாச்சி புதிய பெண்களை உள்ளே அழைத்து வந்தார். பதினோரு பேர். எல்லோரும் நெடுநெடுவென்று இருந்தார்கள். யாரையும் யாரும் அனுப்பவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள். ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

நான்காவதாக வந்தவள் வடிவு. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

பேச்சி கண்ணாடியைத் தட்டினாள். கையால் தட்டினாள். பிறகு தண்ணீர் மூடியால் தட்டினாள். சத்தம் வந்தது. யாரோ சில்லறையைப் போட்டதைப் போன்ற சத்தம்.

வடிவு வாசல் பக்கம் திரும்பி, வெளியே தெரிந்த ஃபிளெக்ஸின் கால் பகுதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க அக்கா அண்ணாச்சி அது. இப்ப எங்க இருக்கா?"

"உக்காந்திருப்பா."

"நாற்காலி எல்லாம் எங்க இருக்கு?"

"மேல இருக்கு. மொதல்ல மூணாவது தட்டுல அந்தப் பச்சைக் கட்டை எடு பிள்ள, பாப்போம்."

வடிவு பையைக் கவுண்டர்மேல் வைத்தாள். பை சாய்ந்தது. அதன் வாயிலிருந்து அம்மா தலையை நீட்டினாள். கண்ணாடிக்கு மேலே அம்மாவும் கீழே பேச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா கையை விரித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பேச்சியை அளந்தாள். பிறகு இன்னொரு தடவை அளந்தாள்.

"அம்மா, அவகிட்டச் சொல்லு," என்றாள் பேச்சி.

அம்மா வடிவின் முதுகைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பின்னால் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. பதினேழு வருடமாகக் கேட்ட சத்தம்.

"நேரா நில்லு பேச்சி," என்றாள் அம்மா. "பாக்காரு."

பேச்சி நேராக நின்றாள்.

வடிவு கையை நீட்டிப் பச்சைக் கட்டை எடுத்தாள். குதிகாலைத் தூக்கக்கூட இல்லை.