பழுப்புக் கோட்டு, தட்டைத் தொப்பி

அந்தச் சனிக்கிழமை நான் போலீஸ்காரனாக இருந்தேன். வாடகைக்கு எடுத்த உடுப்பு. கருநீலக் கோட்டு, உயரமான தொப்பி, கழுத்தில் சங்கிலி கோத்த விசில். ஒட்டுமீசை மட்டும் என் சொந்தக் காசில் வாங்கியது. மற்ற நாட்களில் நான் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறவன். பெயர் லயனல் பர்ச்.

சசெக்ஸில் பழைய விமானத்தளத்தைச் சுற்றி ஓடும் அந்தப் பந்தயப் பாதைக்கு ஒவ்வொரு செப்டம்பரும் மூன்று நாள் பழைய கார்கள் வரும். பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்து உடையில்தான் வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். வெறும் சட்டை போட்டு வந்தால் யாரும் துரத்தமாட்டார்கள், ஆனால் பார்க்கிற பார்வையிலேயே கூசிப்போவோம். நான் போனது அது மூன்றாவது வருஷம். எதிரே வருகிற பெண்களை நிறுத்தி, உங்கள் குட்டைப்பாவாடை சட்டவிரோதம் என்பேன். சிரித்துக்கொண்டே என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நாள் முழுக்க என் வேலை அதுதான். உண்மையைச் சொன்னால், வருஷத்தில் அந்த மூன்று நாட்களில்தான் ஜனங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. பச்சைப் பட்டு கவுன், ஒரு கையில் மட்டும் வெள்ளைக் கையுறை. மூச்சு வாங்கியது.

"என் வீட்டுக்காரரைக் காணோம்," என்றார்.

என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் படம் எடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

"எத்தனை வயசுப் பொண்ணோட ஓடிப்போனார், மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என் மீசையைப் பார்த்தார். பிறகு என் தோளில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"நீங்க நிஜப் போலீஸ் இல்லையா?" என்று கேட்டார். "அங்க ஒரு நர்ஸ்கிட்ட ஓடினேன், அவ பேங்க்ல வேலை பாக்கறேங்கறா. நிஜமா ஒருத்தர்கூட இல்லையா இங்க?"

எனக்கு முகம் எரிந்தது. மீசையைப் பிய்த்துப் பையில் போட்டேன். அவரை ஓரமாக அழைத்துப்போய், என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவர் பெயர் தெல்மா பென்ஃபோல்ட். கணவர் வில்ஃப்ரெட், எண்பத்தொரு வயது. சர்க்கரை வியாதி, மூன்று வருஷமாக மறதி நோய் வேறு. இருபத்தோரு வயதில் இதே பாதையில் ஒரு சின்னப் பந்தய அணிக்கு மெக்கானிக்காக இருந்தவர். ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து காட்டினால் சந்தோஷப்படுவார் என்று இந்த அம்மாள் எட்டு மாதமாகச் சீட்டுக்கும் உடைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். பன்னிரண்டு இருபதுக்கு அவர் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டார். அதைப் போட்ட கையோடு ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். அதற்குப் பிறகுதான் சாண்ட்விச் டப்பாவைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. வைக்கோல் கட்டின் மேல் அவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வண்டியில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றார். முன்னால் நான்கே பேர். ரொட்டியோடு திரும்பினபோது வைக்கோல் கட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பிடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல வேர்க்கும், கை நடுங்கும். கோவம் வரும். அப்புறம் விழுந்துடுவார். அப்புறம் எழுந்திருக்கமாட்டார்."

என்ன உடை போட்டிருக்கிறார் என்று கேட்டேன். பழுப்பு நிறத்தில் முரட்டுக் கம்பளிக் கோட்டு, தட்டைத் தொப்பி, டை என்றார். சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போய்விட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பழுப்புக் கோட்டும் தட்டைத் தொப்பியுமாக அறுபது பேராவது இருந்தார்கள்.

கையில் வியாதி பெயர் பொறித்த வளையம் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். உண்டு. தன் கைப்பையைத் திறந்து அதை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்து உடைக்குப் பொருத்தமாக இல்லை என்று காலையில் தானே கழற்றி வைத்ததாகச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, வளையத்தைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

விழா அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கே இருந்த பெண் நிஜமான ஆள், கையில் வயர்லெஸ் இருந்தது. உடனே முதலுதவிக்காரர்களுக்குத் தகவல் சொன்னாள், ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் வைத்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பந்தயம் தொடங்கியது. இருபது என்ஜின்கள் ஒன்றாக உறுமும்போது ஒலிபெருக்கி வாய் அசைப்பதுபோலத்தான் இருந்தது. சத்தத்தின் நடுவே 'பழுப்புக் கோட்டு' என்பது மட்டும் சிலர் காதில் விழுந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் மூன்று கிழவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதியாம், பயங்கரக் கோபத்தில் இருந்தார். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் தெல்மா எழுந்து நின்றார். மூன்றாவது முறைக்குப் பிறகு அவரால் அங்கே இருக்க முடியவில்லை. நாமே தேடுவோம் என்றார்.

நான் ஓடி ஓடி விசாரித்தேன். வழி தெரியாமல் முழிக்கிற பெரியவர் யாரையாவது பார்த்தீர்களா என்று முப்பது பேரிடமாவது கேட்டிருப்பேன். யாரும் பார்க்கவில்லை. பாதிப்பேர் என் உடுப்பைப் பார்த்துவிட்டு விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். என்ன விசாரணை சார், கொலையா, என்றான் ஒருவன். மூன்று வருஷமாக நான் விதைத்ததுதான் அது, யாரைக் குறை சொல்ல?

தேநீர்க் கடை அருகே போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. அவர் முழித்திருக்கவே மாட்டார். இங்கே அவருக்கு எல்லாமே தெரிந்த இடம், தெரிந்த உடை, தெரிந்த கார். மற்ற எல்லா இடத்திலும் தடுமாறுகிறவர் இங்கே மட்டும் தடுமாறமாட்டார். கேள்வியை மாற்றினேன். இன்று பார்த்தவர்களிலேயே பிரமாதமாக நடித்த பெரியவர் யார் என்று கேட்டேன்.

கடை வரிசையில் நின்ற ஓர் இளம்பெண் உடனே சிரித்தாள்.

"அய்யோ, அந்தத் தாத்தாவா? அவருக்குத்தான் பரிசு குடுக்கணும். நாலாம் நம்பர் கார் கொட்டகை எங்கன்னு என்கிட்ட கேட்டார். நானும் சும்மா, 'எந்த வருஷம் சார் இது'ன்னேன். கொஞ்சங்கூட யோசிக்காம 'ஐம்பத்தொம்பது, இதுகூடத் தெரியாதா பொண்ணே'ன்னாரு. அப்புறம், டோரீன் வந்தா கொட்டகைக்கு அனுப்புன்னு சொல்லிட்டுப் போனாரு. எவ்வளவு அழகா செய்யறாரு."

தெல்மா அசையாமல் நின்றார். டோரீன் யார் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவரோட முதல் சம்சாரம்," என்றார். "செத்து நாற்பத்து மூணு வருஷம் ஆச்சு. எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி நாற்பது."

பிறகு நடந்துகொண்டே தொடர்ந்தார். அந்த டோரீன் பந்தய நாட்களில் பஸ் பிடித்து அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருவாளாம். அதை வில்ஃப்ரெட்டே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ஒரு தடவைகூடத் தனக்கு வருத்தம் வந்ததில்லை என்றார் தெல்மா.

கார்க் கொட்டகைகளுக்குள் போகத் தனிச் சீட்டு வேண்டும். வாசலில் நின்ற காவலர் எங்களைத் தடுத்தார். பெரியவர் ஒருவர் போனாரா என்றால், ஆமாம், ஏதோ ஓர் அணியின் பழைய ஆள் என்று நினைத்தேன், சீட்டுகூடக் கேட்கவில்லை, அத்தனை உரிமையோடு நடந்து போனார் என்றார். எங்களிடம் மட்டும் சீட்டு கேட்டார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தெல்மா குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினார். அந்த வயதில், அந்தச் செருப்பில் அப்படி ஓடுவார் என்று காவலரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். மணி ஒன்றரை.

கடைசிக் கொட்டகையில் இருந்தார். பச்சை நிறக் கார், என்ஜின் மூடி திறந்திருந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறை. சுற்றி நான்கு மெக்கானிக்குகள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். இந்த என்ஜினில் எந்தெந்தத் திருகு சீக்கிரம் தளரும் என்று கேட்காமலே சொன்னாராம், அத்தனையும் சரியாம். ஆனால் நாங்கள் போனபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அதைப் பிடிக்க முடியாமல் தரையைத் தடவினார். ஒரு மெக்கானிக் அதையும் வேடிக்கை என்றே நினைத்தான். தலைவர் சாராயம் ஏத்திட்டு வந்திருக்காரு என்றான்.

அவர்களிடம் பேச நேரமில்லை. மேசையில் பிளாஸ்க்கும் சர்க்கரை டப்பாவும் இருந்தன. நான் கோப்பையில் தேநீரை ஊற்றி நான்கு கரண்டி போட்டுக் கலக்கினேன். தெல்மா அதை வாங்கி அவர் முன் மண்டியிட்டார்.

"வில்ஃப், இதைக் குடிங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெல்மா கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் தள்ளினார். பாதித் தேநீர் பச்சை கவுனில் கொட்டியது.

"யாரும்மா நீ? உன்னை எனக்குத் தெரியாது. என்னைத் தொடாதே," என்றார். என்னைப் பார்த்து, "கான்ஸ்டபிள், இந்தப் பொம்பளையை வெளிய அனுப்புங்க. என் பொண்டாட்டி வர்ற நேரம்," என்றார்.

அந்த இடத்தில் நான் ஒருவன்தான் அவர் மதிக்கிற ஆள். நானும் சொல்லிப் பார்த்தேன். குடிக்கச் சொன்னேன், கெஞ்சினேன், அதட்டினேன். டோரீன் சாப்பாடு கொண்டு வருவாள், அதுவரை எதுவும் வேண்டாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலுதவிக்காரர்கள் எதிர்க்கோடியிலிருந்து வந்துகொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். பந்தயம் நடக்கும்போது பாதையைக் குறுக்கே கடக்க முடியாது, சுற்றித்தான் வரவேண்டும்.

தெல்மா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து இரண்டடி பின்னால் போனார். கவுனைச் சரி செய்தார், கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். என்ன செய்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு வெளியிலிருந்து அப்போதுதான் வருகிறவர்போல அவரை நோக்கி நடந்தார்.

"நேரமாயிடுச்சு, வில்ஃப்," என்றார். குரல் நடுங்கவில்லை. "பஸ்ஸை விட்டுட்டேன். நான்தான், டோரீன்."

வில்ஃப்ரெட் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் போல ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கேன் தெரியுமா," என்றார்.

"தெரியும். மொதல்ல டீ குடிங்க."

குடித்தார். இன்னொரு கோப்பை கலந்தேன், அதையும் குடித்தார். கைப்பையில் வைத்திருந்த ரொட்டியைப் பிட்டு வாயில் கொடுத்தார் தெல்மா. மெக்கானிக்குகள் நால்வரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

முதலுதவிக் கூடாரத்தில் சர்க்கரை அளவு இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை என்றார்கள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் சொல்வதற்கில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேர்வை நின்றது, நடுக்கம் நின்றது. மருந்து கொடுத்த இளைஞன் நல்லவன். இனி தெளிந்துவிடும் அம்மா, உங்களை அடையாளம் தெரிந்துவிடும் என்று தெல்மாவிடம் சொன்னான். நாங்கள் காத்திருந்தோம். வில்ஃப்ரெட் தெளிவாகத்தான் இருந்தார். இளைஞனுக்கு நன்றி சொன்னார், என் கையைக் குலுக்கினார். பிறகு பக்கத்தில் திரும்பி, "டோரீன், வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

போகலாம் என்றார் தெல்மா.

கார் நிறுத்திய வயல் வரைக்கும் அவர்களோடு போனேன். வில்ஃப்ரெட்டை முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினோம். இருக்கையில் சாண்ட்விச் டப்பா இருந்தது. தெல்மா கதவைச் சாத்திவிட்டு, அவர் பார்க்க முடியாத பக்கமாக, காரின் பின்புறம் வந்து நின்றார். அங்கே நின்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். என் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த நோட்டுப் புத்தகத்தில் நான் நிஜமாக எழுதியது அது ஒன்றுதான்.

அவ்வப்போது பேசுவோம். அந்த நாளுக்குப் பிறகு தெல்மா பெரும்பாலும் டோரீனாகவே இருந்தாராம். தன் பெயரைச் சொல்லித் திருத்தினால் வில்ஃப்ரெட் பயந்துபோனார், சாப்பிட மறுத்தார். அதனால் விட்டுவிட்டார். பெயரில் என்ன இருக்கிறது, சாப்பிட்டால் போதும் என்று என்னிடம் சொன்னார். அப்படி நினைக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது குரலில் தெரிந்தது.

பிப்ரவரியில் வில்ஃப்ரெட் இறந்தார். நிமோனியா. தகவல் சொல்லக் கூப்பிட்டபோது தெல்மா இன்னொன்றும் சொன்னார். நவம்பரில் ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வில்ஃப்ரெட் திடீரென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

"டோரீன், அந்தத் தெல்மா எங்க போனா?" என்று கேட்டாராம். "ரொம்ப நாளா காணோமே. நல்ல பொம்பளை."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொன்னேன்," என்றார். "நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அன்னைக்குப் பூரா வாசலையே பாத்துட்டிருந்தார்."