இடப்பக்கம் திரும்பினால் அலறும் கார்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. முன்னால் நிற்கிறவன் பச்சை விளக்கில் தூங்கிப்போனால் பின்னால் நிற்கிறவனும் ஒரு குட்டித் தூக்கம் போடுவானே தவிர ஹோர்னில் கை வைக்க மாட்டான். அப்படிப்பட்ட ஊரில் மாக்கிரட்டின் கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தானாகவே அலறியது. வலப்பக்கம் திரும்பினால் பரம சாது.

ஆகவே ஒரு கிழமையாக அவள் வலப்பக்கம் மட்டுமே திரும்பினாள். ஐந்து நிமிடத்தில் போகக்கூடிய கடைக்கு ஊரையே வலம் வந்து அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைக்கு அது போதும். திங்கட்கிழமைக்குப் போதாது. திங்கட்கிழமை நகரசபையிலிருந்து பூடில் என்ற மேற்பார்வையாளர் வந்து இதே காரில் ஏறி, ஊருக்கு வெளியே தனியாக வாழும் கிழவர் கிழவிகளின் வீடுகளுக்கு அவளோடு போகப் போகிறார். ஓட்டம் திருப்தியாக இருந்தால் பராமரிப்பு வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் மறுபடியும் கோழித் தொழிற்சாலை. இரண்டு வருடம் அங்கே கோழி வெட்டியதில் அவளுக்கு முட்டையைக் கண்டாலும் கோபம் வந்தது.

கார் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஐந்து வயது. ஸ்ரியரிங்கின் நடுப்பகுதி மட்டும் தலையணை மாதிரிக் கொழுத்திருந்தது. வாங்கியவன் அவளுடைய கணவன் பீற்றர். ஓட்டுவது அவள். பீற்றர் லைசன்ஸ் பரீட்சையில் மூன்று முறை விழுந்துவிட்டு, டென்மார்க்கின் தெருக்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காரைத் திருத்த அதே குடியிருப்பில் இருந்த மகேந்திரராசா வந்தார். சொந்த ஊரில் தான் மெக்கானிக்காக இருந்ததாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் பஸ் கண்டக்டர். பஸ் பழுதாகி நின்றபோதெல்லாம் கீழே இறங்கி நின்று பார்த்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. ஆனால் டென்மார்க்குக்கு வருமுன் எட்டு மாதம் ஜெர்மனியில் இருந்தவர் என்பதால் காரோடு வந்த புத்தகத்தை அவரால் வாசிக்க முடிந்தது.

"ஹோர்ன் இந்த நடு மூடிக்குக் கீழ இருக்கு. மூடிக்குள்ள ஒரு காற்றுப் பை இருக்காம்," என்று வாசித்தவர் கொஞ்சம் நிறுத்தினார். "அதை ஊத வைக்க வெடிமருந்தும் இருக்காம்."

பீற்றர் இரண்டடி பின்னால் போனான்.

"ஊரில வெடிக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தம். இஞ்ச வெடியை நெஞ்சுக்கு நேர வைச்சுக் கார் ஓடுறாங்கள்," என்றார் மகேந்திரராசா.

புத்தகம் சொன்னபடி பற்றரியைக் கழற்றினார்கள். அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லியிருந்தது. இவர்கள் தேநீரும் வடையும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்தார்கள். ஸ்ரியரிங்கின் பின்புறம் நட்சத்திரத் தலை ஆணிகள் இரண்டு. பக்கத்து வீட்டு டேனிஷ்காரரிடம் ஆணி திருகும் சாவி வாங்கி வந்து திருகியதும் இரண்டும் சமர்த்தாகக் கழன்றன. மூடி மட்டும் அசையவில்லை.

"மூண்டு எண்ட உடன இழு," என்றார் மகேந்திரராசா. இழுத்தார்கள். கார் ஆடியது, மூடி ஆடவில்லை. பீற்றர் சீற்றில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் மகேந்திரராசா பெட்டிக்குள் கைவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

"அண்ணை, வெடிமருந்துக்குச் சுத்தியலாலயோ அடிக்கப் போறியள்?" என்றாள் மாக்கிரட். "ரெண்டு பேரும் இறங்குங்கோ."

அவள் ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். மூடிக்கும் ஸ்ரியரிங் சக்கரத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில் சுற்றிவர ஏதோ மினுங்கியது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். அந்த மணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பீற்றர் மேசை கதிரை ஒட்டும் தளபாடத் தொழிற்சாலையின் பசை. தினமும் மாலையில் பீற்றரின் சட்டையோடு வீட்டுக்கு வருவது அதுதான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுடைய பராமரிப்பு வேலையைப் பற்றி அவன் ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. இப்படித்தான் தடுக்கப் பார்த்தானா?

ஆனாலும் மகேந்திரராசாவுக்கு முன்னால் கேட்டால் நாளைக்கு வடக்கே ஓல்போர்க் நகரம் வரைக்கும் கதை போய்விடும். "அண்ணை, நீங்கள் ஏரியில மீன் பிடிக்கிற தங்கூசி நூல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குள்ள பசை வைச்சது ஆர்?"

பீற்றர் வானத்தைப் பார்த்தான். டென்மார்க்கின் கார்த்திகை வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

"நான்தான். போன ஞாயிறு பூசை முடியச் சாமியார் காரை மந்திரிச்சவரெல்லே. தீர்த்தம் மூண்டு துளிதான் தெளிச்சவர்."

"அதுக்கு?"

"அக்கா மடு மாதா கோயில்ல இருந்து அனுப்பின தீர்த்தம் ஒரு போத்தல் கிடந்தது. அதை ஸ்ரியரிங் நடுவில முழுக்க ஊத்தினன்."

"சரி, ஊத்தினீங்கள். பிறகு பசை என்னத்துக்கு?"

"தீர்த்தம் வெளியில போகக்கூடாதெண்டு."

மாக்கிரட் இடுக்கில் மினுங்கிய பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"பனி கொட்டத் தொடங்கப் போகுது," என்றான் பீற்றர். "நீ தனியக் காட்டு ரோட்டுகளால ஓடப்போறாய். பக்கத்தில வந்து ஓட்டித் தர எனக்கு லைசன்சும் இல்லை. வேலைக்குப் போகாத எண்டு சொல்லவும் எனக்கு மனமில்லை. பயம் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது. வேற என்ன செய்ய?"

அவளுக்கு இந்த மடையனை இப்போதே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மகேந்திரராசா தங்கூசியோடு வந்துவிட்டார்.

மாக்கிரட் பிறந்தது மீனவ ஊரான பேசாலையில். தங்கூசி கையை அறுக்கும் என்பது அங்கே நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். இரண்டு முனைகளையும் குச்சிகளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நூலை இடுக்குக்குள் விட்டு, முன்னும் பின்னுமாக மெதுவாக இழுத்தாள். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மகேந்திரராசா ஒரு பொடியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஜெர்மன்காரன் எதையும் வலுவாத்தான் ஒட்டுவான்," என்றார். கணவனும் மனைவியும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் மூடி கையோடு வந்தது. மூடியின் முகம் மேலே இருக்க வேண்டும், நெஞ்சோடு அணைக்கக் கூடாது என்று புத்தகம் சொன்னது. பீற்றர் இரண்டு கைகளையும் நீட்டி, கோயில் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் மாதா சுரூபம் தூக்குகிறவன் நடையில் அதைக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்தான். கீழே இருந்த செப்பு வளையத்தில் ஈரம் தேங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மாக்கிரட் களிம்பைச் சுரண்டி, தலைமயிர் காயவைக்கும் மெசினால் காற்றடித்துக் காய வைத்தாள்.

"பையைத் திருப்பிப் பூட்டாமல் விடுவமோ தங்கச்சி?" என்றார் மகேந்திரராசா. "ஆருக்குத் தேவை?"

"இது என்ன செய்யும்?" என்று கேட்டான் பீற்றர்.

"கார் எதிலயும் போய் மோதினா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள இது வெடிச்சு ஊதும். ஓடுறவையின்ர முகம் ஸ்ரியரிங்கில அடிபடாது," என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார் மகேந்திரராசா.

பீற்றர் புல்லிலிருந்த மூடியைத் தூக்கி வந்து அதன் இடத்தில் வைத்தான். பிறகு மகேந்திரராசாவின் கையிலிருந்து சாவியைப் பறித்து, ஆணிகள் இரண்டையும் தானே முறுக்கினான். விரல் வெளுக்கும்வரை முறுக்கினான். "முதலே ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை," என்று முறைப்பாடு வேறு.

பற்றரியைப் பூட்டியதும் மாக்கிரட் குடியிருப்பைச் சுற்றி நான்கு முறை இடப்பக்கமாகவே ஓட்டினாள். கார் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது பீற்றர் கார் நிறுத்துமிடத்தில் குளிரில் நின்றுகொண்டிருந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவள் கதவைத் திறக்கும்வரை பொறுக்காமல் கண்ணாடியில் தட்டினான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"பை வெடிச்சதோ?"

"இல்லை."

அவன் உள்ளே தலையை நீட்டி ஸ்ரியரிங்கைப் பார்த்தான், அவள் நெற்றியைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாக்கிரட் தன் கைப்பையிலிருந்து ஒரு திறப்புக் கோர்வையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பூடில் கொடுத்தது. பதினொரு கிழடுகளின் வீட்டுக் கதவுகளைத் திறக்கும் திறப்புகள்.

அதைக் கண்ட பிறகுதான் பீற்றருக்கு அவள் எதற்காகப் போனாள் என்பதே ஞாபகம் வந்தது.