அசையாத பன்னிரண்டு வோல்ட்

பெங்களூரிலிருந்து வந்த டெஸ்டிங் மெஷினுக்குப் புத்தி பேதலித்திருந்தது. ஒரே போர்டை மூன்று தடவை வைத்தால் மூன்று ரீடிங் காட்டும். அதனால்தான் ஓசூர் சிப்காட்டில் இருந்த ஸ்கூட்டருக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் ஆறு பெண்கள் மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மாதேஸ்வரி. அவள் புருஷன் இளம்பரிதி அங்கேயே மெயின்டெனன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். டிப்ளமோ முடித்தவன், வருஷக்கணக்காக பர்மனென்டுக்குக் காத்திருந்தவன்.

"மெஷினுக்குப் போற சப்ளைதான் தகராறு. நிலையா பன்னெண்டு வோல்ட் குடு, உன்னை பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு" என்றார் மேனேஜர் சுரேந்தர். இளம்பரிதிக்குத் தலைகால் புரியவில்லை.

மலிவான பழைய சப்ளையைக் கழற்றி எறிந்தான். ஒரு ஜீனர் டையோடு வோல்டேஜை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும். அந்த அளவுக்கு மேல் போகாமல் பவர் டிரான்சிஸ்டர் கரன்ட்டை விடும். எளிய கணக்குதான். ஆனால் மெஷின் இழுத்ததும் வோல்டேஜ் படுத்துவிட்டது. பெரிய டிரான்சிஸ்டரை ஓட்ட, அதற்கு முன்னால் ஒரு சின்ன டிரான்சிஸ்டரைப் போட்டான். இரண்டிலும் குறைந்த வோல்டேஜை ஈடுகட்ட, ஜீனரோடு இரண்டு சாதா டையோடு சேர்த்தான். பன்னிரண்டு நின்றது. சூடுதான் தாங்கவில்லை, தொட்டுப் பார்த்ததில் விரல் கொப்பளித்தது.

"இம்மாஞ்சூடு எதுக்குங்க?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"மிச்ச வோல்டேஜ் எங்கியாச்சும் போவணுமில்ல. சூடாத்தான் போவும்."

பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கை மாட்டி அதையும் அடக்கினான். பெட்டியின்மேல் மார்க்கரால் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். ஆயுத பூஜையன்று மாதேஸ்வரி அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள்.

அப்புறம் ஒரு வாரம் சோதனை. மாதேஸ்வரி மீட்டரால் பார்த்துச் சத்தமாகச் சொல்ல, அதே போர்டை சுரேந்தர் மெஷினில் வைப்பார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. இளம்பரிதி பின்னால் நின்றான், வாயெல்லாம் பல். மெஷின் ஒழுங்காக ஓடினால் மீட்டர் பிடிக்கிறவர்களுக்கு என்ன வேலை என்று அந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

அடுத்த திங்கட்கிழமை ஆறு பேரையும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். வயதில் மூத்த வெங்கடம்மா, "ஆயித்து பிடம்மா", முடிந்தது விடு என்று கன்னடத்தில் முனகிவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு திரும்பி நடந்தாள். பர்மனென்ட் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, இளம்பரிதி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

"சத்தியமா எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்குத் தெரியும்" என்றாள் மாதேஸ்வரி.

"எப்பலேர்ந்து?"

"சுரேந்தர் சாரு என்னை மீட்டரோட கூப்ட்டு மெஷின் பக்கத்துல உக்கார வெச்ச அன்னிக்கே. ஒரே ஒரு போர்டுக்கு மாத்திச் சொல்லியிருந்தாப் போதும், மெஷினைத் தூக்கி ஓரமா வெச்சிருப்பாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்ல வேண்டியதுதான?"

"பெட்டி மேல உங்க பேரு இருந்துச்சே. இனிமே வெங்கடம்மா மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

அவன் சோற்றில் கை வைக்காமல் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் அதை எடுத்துக் கழுவப் போனாள்.

காலையில் சுரேந்தர் தோளில் தட்டினார். "போச்சம்பள்ளி யூனிட்லயும் ரெண்டு மெஷின் தூங்குது. இதே மாதிரி ரெண்டு சப்ளை பண்ணிடு."

"அங்க மீட்டர்ல எத்தனை பேரு சார்?"

"பதினாலு பேரு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன் சார்."

இளம்பரிதி மேசைக்குப் போய், புதிய ஹீட் சிங்க்கில் துளை போடுவதற்கு அளவு குறித்தான். இந்தத் தடவை பெட்டியின்மேல் பெயர் எழுதவில்லை.