ஏழாம் எண் வாக்கியம்

“ஏம்மா, எல்லா அக்காமாரும் ஒரே தப்பாவா செய்யுதாங்க?”

அச்சடித்த சீட்டுகளைக் கட்டுரைத் தாள்களில் ஒட்டிக்கொண்டிருந்த சங்கரியிடம் அவளுடைய ஏழு வயது மகள் சித்ரலேகா ஒருநாள் இப்படிக் கேட்டாள். சங்கரி சிரித்துவிட்டுப் பசை டப்பாவை மூடினாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சங்கரி ஆங்கில விரிவுரையாளர். தொண்ணூற்றெட்டில் அவள் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அடிக்கடி எழுதும் வாக்கியங்களைச் சேமித்து எண் கொடுத்துவிட்டால் போதும். எண்ணைத் தட்டி எஃப்-3 விசையை அழுத்தியதும் முழு வாக்கியமும் திரையில் வந்து நிற்கும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் சக விரிவுரையாளர் திருஞானசம்பந்தம்.

“கோயில் அர்ச்சனை மாதிரிதான் மேடம். பேரையும் நட்சத்திரத்தையும் மாத்துனா போதும், மந்திரம் ஒண்ணுதான்.”

கட்டுரை திருத்தும்போது எழுதும் ஒன்பது வாக்கியங்களைச் சங்கரி சேமித்தாள். மாதந்தோறும் வரும் அறுபத்தெட்டுக் கட்டுரைகளும் ஒரே மாலையில் முடிந்தன. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பார்ப்பாள், எண்ணைத் தட்டுவாள். அச்சான சீட்டைத் திரும்பப் படிக்கும் வழக்கம் நாளடைவில் நின்றுபோனது.

ஒரு மாதம் கட்டுரைக்கு ‘என் வீடு’ என்று தலைப்பு. தாள்களைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து மூன்று நாளாக ஜெபகனி வகுப்புக்கு வரவில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் அவள். விடுதியில் தங்கிப் படித்தாள். அவளுடைய அறைத்தோழி நஃபீஸத்திடம் சங்கரி விசாரித்தாள்.

“பெட்டியக் கட்டுதா மேடம். படிப்பே வேண்டாங்கா. நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாளாம். அவ களவாண்டு எழுதுனான்னு நீங்க எழுதிட்டீங்கள்லா?”

சங்கரி போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தாள். ஜெபகனியின் பெயருக்குக் கீழே ஏழாம் எண் வாக்கியம் இருந்தது: ‘இது உன் சொந்த எழுத்து அல்ல. பார்த்து எழுதியிருக்கிறாய்.’ சங்கரி தட்ட நினைத்தது நான்கு. விசைப்பலகையின் எண் கட்டத்தில் நான்குக்கு நேர் மேலே ஏழு.

சங்கரி விடுதி அறைக்குள் நுழைந்ததும் ஜெபகனி எழுந்து நின்றாள்.

“கை தவறிப்போச்சும்மா. நாலுக்குப் பதிலா ஏழு விழுந்துட்டு. மன்னிச்சுக்கோ.”

“நாலுன்னா என்ன மேடம்?”

“நல்லா எழுதிருக்கே, இன்னும் எழுதுன்னு.”

“அது எத்தன பேருக்கு விழுந்துது?”

“பத்தொம்பது.”

“அப்ப நான் என்ன எழுதிருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?”

 சங்கரி அந்தத் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கிழிக்க எடுத்து வைத்திருந்ததை ஜெபகனி நீட்டினாள்.

அன்று மாலை வீட்டில் விளக்கேற்றியபின் சங்கரி பூஜை அறையிலேயே உட்கார்ந்து அதை முழுவதும் படித்தாள். கல்லூரிக்கு முதன்முதலாகப் புறப்பட்ட நாளில் அம்மா பஸ் நிறுத்தம்வரை பெட்டியைச் சுமந்து வருகிறாள். அட்டை கடித்து அவள் காலில் ரத்தம் வழிகிறது. மகள் பதறுகிறாள். ‘வெத்தலச் சாறு தெறிச்சிருக்கும்’ என்று சொல்லிச் சேலைக் கரையால் மூடிக்கொள்கிறாள் அம்மா.

அவள் வழக்கமாகப் பார்க்கும் முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் நடுவில் இருந்த இடம் அது. சங்கரி சீட்டைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பேனாவால் எழுதினாள்: ‘வெற்றிலைச் சாறு என்று உன் அம்மா சொன்ன இடத்தில் என்னால் உடனே மேலே படிக்க முடியவில்லை. முன்பு நான் இதைப் படிக்கவில்லை. தவறு என்னுடையது.’

மறுநாள் காலை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், விடுதி அறையில் ஜெபகனியின் கயிறு கட்டிய பெட்டியின்மேல் அதை வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை வருகைப் பதிவின்போது கடைசி பெஞ்சிலிருந்து ஜெபகனியின் குரல் வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கரி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மதிப்பெண் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மற்றத் தாள்களையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் சீட்டைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நாளுக்கு நாலைந்தாக, விரிவுரையாளர் அறை காலியாக இருக்கும் வேளைகளில் முதல் வரியிலிருந்து படித்தாள். நஃபீஸத்தின் தாளில், காயல்பட்டினத்து வீட்டில் வாப்பா துபாயிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. வாப்பா இருமியதும் உம்மா கேசட்டை நிறுத்துகிறாள்.

சங்கரி பழைய சீட்டை ஈரத்துணியால் ஊறவைத்துப் பைய உரித்தாள். பேனாவைத் திறந்தாள்.